புகையே பிடிக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வரும்?

அத்தைக்கு 58 வயது, சிகரெட் வாடையே ஆகாது, அவருக்கு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

புகையிலைதான் முதல் காரணம், சந்தேகமில்லை. 1950-லேயே பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து அதைக் காட்டிவிட்டார்கள். ஆனால் அடுத்தவர் விடும் புகை, விறகடுப்பு, மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு, காற்று மாசு இவற்றாலும் வரும். புகைக்காத ஆசியப் பெண்களுக்கு வரும் வகையில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அத்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் ஊரில் பெரிய சிக்கல், காசநோயோடு குழப்பிக்கொள்வது. விடாத இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் நிழல் எல்லாம் இரண்டிலும் வரும். சளியில் கிருமி தெரியாமலேயே மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை விழுங்கி, பிறகு புற்றுநோய் என்று தெரிந்தவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன், அப்புறம் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது. ‘சதை எடுத்தால் பரவிவிடும்’ என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தத் துணுக்கைப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும்.

சரி, சிகிச்சை? ஆரம்ப நிலை என்றால் அறுவை சிகிச்சை. பரவியிருந்தால் கீமோ, கதிர்வீச்சு, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள். மேற்சொன்ன மரபணு மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளை வீட்டிலிருந்தே சாப்பிடலாம். பரவிய நோயை அவை முழுதாகக் குணப்படுத்துவது அரிது. பலருக்கு நல்லபடியாக நடமாடும் காலத்தை நீட்டித் தருகின்றன. அதனால் கீமோ தொடங்கும் முன், மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.