வாசகர் கேள்வி பதில்: டயரு அவ்ளோ கருப்பு இல்ல தம்பி

கேள்வி: அண்ணே, எங்கப்பா 80கள்ல சிங்கப்பூர்ல என்எஸ் (தேசிய சேவை) செஞ்சப்ப ஏஎம்எக்ஸ்-13 டேங்க்ல இருந்தவரு, அவரு பொறந்தநாளுக்கு கொடுக்கலாம்னு அதோட 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒண்ணு கட்டிட்டு இருக்கேன். சக்கரத்துல ரப்பர் முடிஞ்சு பச்சை ஆரம்பிக்குற அந்த வட்டக்கோடு ஒரு தடவகூட ஒழுங்கா வரல, கை நடுங்குது. நேத்து அப்பா எட்டிப் பாத்துட்டு "எங்க டேங்க்ல சக்கரம் இவ்ளோ கருப்பா இருந்ததே இல்லயேடா"ன்னு வேற சொல்லிட்டாரு. (ஈசூன் வாசகர்)

பதில்: சர்ப்ரைஸ் போச்சு, போகட்டும், அப்பா சொன்னதுதான் சரி. 1969 தேசிய தின அணிவகுப்புல முதல்முறையா ஊர்வலம் வந்த வண்டி அது, அன்னிக்கு வேணா பளபளன்னு இருந்திருக்கும், பயிற்சிக்கு போய் செம்மண்ணுல உருண்ட வண்டியோட டயரு கருப்பா இருக்காது. சந்தேகமா இருந்தா புளோக்குக்கு கீழ கார்பார்க்ல நிக்கிற லாரி டயர போய் பாரு, சாம்பலும் பழுப்பும் கலந்த மாதிரிதான் தெரியும். தமியா பெயின்ட்ல எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக்ல கொஞ்சூண்டு எக்ஸ்எஃப்-57 பஃப் (வெளிர் மண்ணு கலர்) கலந்துக்க, போதும்.

இப்ப அந்த கோடு. சக்கரத்த டேங்க்ல ஒட்டிட்டு பெயின்ட் அடிக்கிறியோன்னு எனக்கு ஒரு டவுட்டு. அப்படின்னா முதல்ல அத நிறுத்து. ஒவ்வொரு சக்கரத்தையும் அச்சுத்துளை வழியா பல்குச்சில இறுக்கி மாட்டு, மொத்தமும் பச்சை அடிச்சு ஒருநாள் முழுசா காய விடு. அப்புறம் பெயின்ட்ட பால் பதத்துக்கு கரைச்சு, பிரஷ் நுனிய டயரும் ரிம்மும் சேர்ற அந்த சின்ன பள்ளத்துல லேசா வச்சுக்கிட்டு, இன்னொரு கையால பல்குச்சிய மெதுவா சுத்து. குயவர் சக்கரம் மாதிரிதான், பிரஷ் பிடிச்ச கை அசையக்கூடாது, முழங்கைய மேசையில ஊனிக்க, பெயின்ட்டு பள்ளத்துலயே தானா ஓடி கோடு போட்டுரும். பச்சை மேல கொஞ்சம் வழிஞ்சா பதறாத, அந்த எடத்துலதான் நிஜத்துலயும் மண்ணு ஒட்டும், பிக்மென்ட் (மண்ணு கலர் பொடி) போட்டு மூடிரலாம்.

பெயின்டுக்கு முன்னாடி டயர் மேல ஓடுற சீம் லைன (பிளாஸ்டிக்க அச்சுல வார்த்தப்ப விழுற கோடு) மறக்காம தேச்சுரு, 600 நம்பர் உப்புத்தாள்ல சக்கரத்த சுத்திக்கிட்டே தேய், ஒரே எடத்துல நின்னு தேச்சா கோழிமுட்டை ஆயிரும். ஸ்ப்ரூல (பாகங்க ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) இருந்து வெட்டுன எடத்துல சின்ன தட்டை விழுந்தா கவலைப்படாத, ஒட்டுறப்ப அந்தப் பக்கத்த கீழ வச்சுரு, டிராக் (சக்கரத்த சுத்தி ஓடுற சங்கிலிப் பட்டை) மறச்சுரும். ஒட்டுன கையோட, பசை காயறதுக்குள்ள டேங்க்க ஒரு கண்ணாடி மேல வச்சு எல்லா சக்கரமும் கண்ணாடிய தொடுதான்னு பாத்துக்க. என்னோட முதல் டி-34 டேங்க் மாடல்ல நான் இத பாக்கல, இன்னிக்கு வரைக்கும் நாலு சக்கரம் தரையில, ஒண்ணு அந்தரத்துல.

கடைசியா, முன்பக்க ஸ்ப்ராக்கெட் (டிராக்க இழுக்குற பல்சக்கரம்) பல்லு நுனியில 2பி பென்சில தேச்சு விடு, இரும்பு பளபளப்பு அப்படியே வரும். அப்பாகிட்ட அதத்தான் முதல்ல காட்டு.

கேள்வி: ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டைகர் டேங்க்ல, வெளிச்சக்கரத்துக்குப் பின்னாடி உள்ள இருக்குற சக்கரத்துக்கும் இப்படியே செய்யணுமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: ஐயோ வேணாம்மா. ஆரம்பகால டைகர்ல பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூணு சக்கரம், ஆக மொத்தம் 48, கண்ணு பூத்துரும். உள்ள இருக்குறதுக்கு கலர் அடிச்சு மண்ணு பூசுனா போதும். ஆனா 1944 தொடக்கத்துக்கு அப்புறம் வந்த டைகரான்னு பெட்டில பாத்துக்குங்க, அதுல சக்கர விளிம்பு இரும்பு, ரப்பர் உள்ளுக்குள்ள போயிருச்சு. அதுக்கு போய் வெளிய கருப்பு வளையம் அடிச்சா தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.

கேள்வி: மழை நேரத்துல காரிடார்ல லாக்கர் பெயின்ட் ஸ்ப்ரே அடிச்சா சக்கரமெல்லாம் வெள்ளையா பூத்துருது, ஏன்? (ஜூரோங் வாசகர்)

பதில்: தின்னர் வேகமா ஆவியாகுறப்ப மேற்பரப்பு குளுந்து, காத்துல இருக்குற ஈரம் அதுமேல படிஞ்சுரும், நம்ம ஊரு ஈரம்தான் தெரியுமே. ரிட்டார்டர் (காயறத மெதுவாக்குற திரவம்) கலந்த தின்னர மட்டும் மேலோட்டமா ஒரு தடவ அடிச்சு பாருங்க, பாதிக்கு மேல தெளிஞ்சுரும். அடுத்த தடவ மழை விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அடிங்க, பக்கத்து வீட்டு துணி கொடியில இல்லாதப்ப.