மொரீஷியஸில் தமிழ் அரைகுறையாகத் தெரிந்த சொந்தங்களுக்கு நம் நகைச்சுவைக் காட்சிகளை எப்படிப் போட்டுக் காட்டுவது?

கேள்வி இதுதான்: ரோஸ் ஹில்லில் இருக்கும் அத்தை பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல், படிப்பது பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ், பள்ளியில் படித்த அளவுக்கு மட்டும். கவுண்டமணி, வடிவேலு என்று போட்டால் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

முதலில் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியைத் தள்ளி வையுங்கள். நமக்கு உடனே நினைவுக்கு வருவது அதுதான், ஆனால் புதிதாகப் பார்ப்பவர்களிடம் முதலிலேயே போட்டால் புஸ்ஸாகிவிடும். மொழி மட்டும் காரணமில்லை. "அதுதாண்ணே இது" என்ற வரியில் தனியாகச் சிரிக்க ஒன்றுமே கிடையாது. கவுண்டமணி எப்போது வெடிப்பார், செந்தில் எவ்வளவு உதை வாங்கினாலும் எப்படி அசராமல் நிற்பார் என்று பழகியவர்களுக்குத்தான் அது சிரிப்பு.

ஒரு காட்சியை எடுக்கும் முன் அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உடம்பில் இருப்பது முதலில், நிலைமையில் இருப்பது அடுத்து, நாக்கில் இருப்பது கடைசியில். ஒரு மாலைக்கு நாற்பது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் நீங்கள் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

உடம்புச் சிரிப்புக்கு 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலுவின் நேசமணி. 2019 மே மாதம் ட்விட்டரில் உலகமே அவருக்காகப் பிரார்த்தனை செய்ததே, அதையும் ஒரு வரி சொல்லி வையுங்கள், இளசுகள் நிமிர்ந்து உட்காருவார்கள். யூடியூபில் கிடைக்கும் துண்டுகள் பல, சுத்தியல் தலையில் விழும் இடத்திலிருந்துதான் தொடங்கும். அது வீண். காண்ட்ராக்டர் என்ற மிதப்பில் வடிவேலு ஆட்களை விரட்டி வேலை வாங்குவதைப் பார்த்திருந்தால்தான் சுத்தியல் விழும்போது நமக்கு அவ்வளவு சந்தோஷம். அரண்மனைக்குள் வேலை தொடங்கும் இடத்திலிருந்து வெட்டாமல் ஓட விடுங்கள்.

அடுத்தது 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் டி.எஸ்.பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. இதற்கு சப்டைட்டிலே வேண்டாம் என்பது என் கட்சி. கதவு, காற்று, காலடி எல்லாம் நாகேஷின் வாயிலேயே வருகிறது. எல்லாரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். பாலையாவைப் பார்க்கச் சொல்லுங்கள். காட்சியின் பாதி அந்த முகம். பெரிய மனுஷத் தோரணையில் கேட்க உட்கார்ந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கி, கடைசியில் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனேஸின் படங்களைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் நாகேஷை முதல் நிமிடத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

நிலைமைச் சிரிப்புக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). போடும் முன் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள்: நான்கு கமல், நான்கு பேரும் ஒரே பிரசவத்தில் பிறந்து பிரிந்தவர்கள். மைக்கேல் திருட்டு ஆசாமி, மதன் பணக்காரர், காமேஸ்வரன் சமையல்காரர், ராஜு தீயணைப்பு வீரர். இது தெரியாமல் உட்கார்ந்தால் பாதி நேரம் "இவர் எவர்?" என்பதிலேயே போகும். சைவ விருந்துச் சாம்பாரில் மீன் விழும் இடத்துக்கு மட்டும் விளக்கமே வேண்டாம். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளிடம் சாம்பாரில் மீன் என்றால் என்ன விபரீதம் என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா? மலை விளிம்பில் வீடு முன்னும் பின்னும் சாயும் கடைசிக் காட்சியும் அப்படித்தான், சத்தத்தை அணைத்துவிட்டாலும் ஓடும். ஆனால் இதே படத்தில் கிரேஸி மோகனின் வார்த்தை விளையாட்டு வரும் இடங்களில் அறை அமைதியாகிவிடும். நிறுத்தி விளக்காதீர்கள், கடந்து போங்கள்.

இப்போது வாழைப்பழம். 'கரகாட்டக்காரன்' (1989) காட்சியில் விஷயம் ஒரு ரூபாய், இரண்டு பழம், அவ்வளவுதான். கெடுப்பது சப்டைட்டில். "ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்கே?" என்ற கேள்வியையும் செந்திலின் பதிலையும் ஒரே பெட்டியில் இரண்டு வரியாகப் போட்டிருப்பார்கள். கண் வாயை விட வேகமாகப் படித்துவிடும். செந்தில் வாயைத் திறக்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டால் பிறகு என்ன சிரிப்பு? பதிலைத் தனிப் பெட்டியாகப் பிரித்து, அவர் பேச ஆரம்பிக்கும் அதே நொடியில் வரவிட வேண்டும்.

இதற்கு 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், விநாடிக்கு 17 எழுத்து அளவில் வைத்தால் பெரியவர்கள் திணறாமல் படிப்பார்கள். கவுண்டமணி பேசும் வேகத்துக்கு முழுவதையும் எழுதினால் இந்தக் கணக்கில் அடங்காது. வசவுகளில் இரண்டுக்கு ஒன்றை விட்டுவிடுங்கள், முகம் மீதியைச் சொல்லிவிடும்.

பிரெஞ்சில் எழுதுவதா கிரியோலிலா என்றால் கவுண்டமணி–செந்தில் சண்டைகளுக்குக் கிரியோல்தான். பிரெஞ்சில் எழுதினால் கவுண்டமணி கோட்டு போட்ட வாத்தியார் ஆகிவிடுகிறார். அவர் செந்திலை 'தோ' (நீ) என்றும், செந்தில் அவரை 'ஊ' (நீங்கள்) என்றும் கடைசி வரை கூப்பிட வேண்டும். அடித்தாலும் உதைத்தாலும் 'அண்ணே' குறையாது என்பதுதானே அந்த ஜோடி.

எழுதி முடித்ததும் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் மேலே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகள் எல்லாம் கிறுக்கலாக வரும். பென் டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பதென்றால் படக் கோப்பும் சப்டைட்டில் கோப்பும் ஒரே ஃபோல்டரில், ஒரே பெயரில் இருக்கட்டும். வேறு இடத்திலிருந்து எடுத்த சப்டைட்டில் பொருந்தவில்லையா? படம் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஜி அழுத்தினால் முந்தி வரும், எச் அழுத்தினால் பிந்தி வரும், ஒரு தட்டலுக்கு 50 மில்லிவிநாடி. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது வேறு கோளாறு. சப்டைட்டில் விநாடிக்கு 25 பிரேம் கணக்கில் செய்தது, உங்கள் படம் 23.976. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை நிமிடம் விலகிவிடும், ஜி, எச் தட்டித் தீராது. மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒலியையும் பாருங்கள். பழைய படத்தை 5.1 (பல ஸ்பீக்கர் ஒலி) ஆக மாற்றிய பதிப்பில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். சாதாரண டிவியில் இசை இரையும், பேச்சு முணுமுணுக்கும். ஸ்டீரியோவுக்கு மாற்றிவிடுங்கள்.

'வைதேகி காத்திருந்தாள்' (1984) பெட்ரோமாக்ஸ் காட்சி இன்னொரு வகையில் கவிழும். அங்கே தடுப்பது மொழியில்லை, பொருள். பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் ஒளி தரும் மேண்டில் என்பது வலைத்துணிப் பை. முதல் தடவை எரிந்ததும் துணி போய், அதே வடிவத்தில் வெறும் சாம்பல் கூடு நிற்கும், விரல் பட்டால் உதிரும். இதைப் பார்த்தறியாத பிள்ளைக்கு, செந்தில் அதைக் கையில் எடுத்ததுமே நமக்கு வருகிற 'ஐயோ' வராது. எரிந்த மேண்டிலின் படம் ஒன்றை முன்கூட்டியே காட்டுங்கள், அரை நிமிட வேலை. வீட்டில் பாட்டி இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006), கோவை சரளாவின் கொங்குத் தமிழ் ஓடும் 'சதி லீலாவதி' (1995) இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். முதலாவதற்கு அரசவைத் தமிழ் தெரிய வேண்டும், இரண்டாவதற்கு வட்டார வழக்கு காதில் பழகியிருக்க வேண்டும்.

டிவி நிகழ்ச்சி என்றால் 2019-இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'. சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைக் கட்டிப்போடும் ஏற்பாடு. வெங்காயத்தை எப்படி நறுக்குகிறார்கள் என்று பார்த்தாலே கதை புரியும். முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்க்க அவசியமில்லை. ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்ப்பதானால் இந்திய நேரத்தில் ஒன்றரை மணி கழித்துக்கொள்ளுங்கள்: இந்தியாவில் ஒன்பதரை, மொரீஷியஸில் எட்டு. 'லொள்ளு சபா' கேட்பார்கள், யாராவது சந்தானம் ரசிகர் இருந்தால் கட்டாயம் கேட்பார்கள். எந்தப் படத்தைக் கலாய்க்கிறார்களோ அந்த மூலப்படத்தை முந்தின வாரம் காட்டியிருந்தால் மட்டும் போடுங்கள்.