ஸ்கிம்மர் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பலாமா?

கேள்வி: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி அமைத்திருக்கிறேன். கீழே சம்ப் (கருவிகள் வைக்கும் துணைத் தொட்டி) உண்டு. பவளம் கிடையாது, இரண்டு டாங், ஒரு ட்ரிகர், ஒரு ஜோடி கோமாளி மீன் விடப்போகிறேன். 1,000 லிட்டர் என்று போட்ட புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) போதுமா, 2,000 லிட்டரே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி, அதாவது சுமார் 680 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 550 லிட்டர் தேறும். சம்ப்பில் நிற்கும் 120 லிட்டரையும் சேர்த்தால் 670. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கானது. உள்ளே இருக்கும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். மீன் அதிகமுள்ள தொட்டிக்கு என்று வேறொரு எண் இருக்கும், பல சமயம் பாதிதான். டாங்கும் ட்ரிகரும் நன்றாகத் தின்று நன்றாகக் கழிக்கிற மீன்கள். ஆகவே அந்த இரண்டாவது எண் 700–800 என்று உள்ளதை எடுங்கள். அட்டைக் கணக்கில் அது 1,500 அளவில் வரும்.

பெரிதாக வாங்கினால் என்ன கெட்டுவிடும்? தண்ணீரில் கரைந்த புரதம் பொடிக் குமிழிகளின் மேல் ஒட்டி, அவை உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்கிம்மரின் கழுத்துவழி மேலே உள்ள கழிவுக் கோப்பைக்கு ஏறச் செய்கிறது. கழுத்து அகலமாகவும் கழிவு குறைவாகவும் இருந்தால் நுரை பாதி ஏறி அமுங்கிவிடும். இரண்டு நாள் கோப்பை காய்ந்து கிடக்கும், மூன்றாம் நாள் திடீரென்று பொங்கும். மீன்கள் சிறியவையாக இருக்கும் முதல் மாதங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

வாங்குமுன் சம்ப்பை அளக்காதவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சம்ப்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் பலவற்றுக்கு 18 முதல் 23 செ.மீ. ஆழத் தண்ணீர் வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். உங்களிடம் ஆழம் கூடுதல் என்றால் அக்ரிலிக் மேடை போட்டு உயர்த்துங்கள். ஆழத்தைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் நிற்பது: ஸ்கிம்மரைத் தடுப்புச் சுவருள்ள முதல் அறையில் வையுங்கள், தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் உள்ள கடைசி அறையில் வேண்டாம். ஆவியாகும் தண்ணீர் குறைவது அந்தக் கடைசி அறையில்தான் தெரியும். கோப்பையைத் தூக்கி எடுக்க மேலே இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாரம் இரண்டு முறை அதைக் கழற்றியே ஆகவேண்டும். கழுத்தின் உட்புறம் கொழுப்பு படிந்தால் நுரை ஏறாது.

கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயரும். மின்சாரம் வந்ததும் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் ஓடத் தொடங்கி, கோப்பை நிரம்பி வழிந்து, சேர்த்த அழுக்கெல்லாம் திரும்பத் தொட்டிக்கே போய்விடும். ஸ்கிம்மர் மட்டும் பத்து நிமிடம் தாமதித்து ஓடும்படி டைமர் போடுங்கள்.

புதிய ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் கண்டபடி நடந்துகொள்ளும். வெளிவால்வைத் தினமும் திருகாதீர்கள். கொஞ்சம் திருகினால் ஒரு நாள் பொறுங்கள்.

கேள்வி: என் 400 லிட்டர் தொட்டியில் ஸ்கிம்மர் கோப்பை தினம் ஒரு லிட்டர் வெளிர்நிறத் தண்ணீரால் நிறைகிறது. ஒரு மாதத்தில் உப்படர்த்தி 1.025இலிருந்து 1.023க்கு இறங்கிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: காரணம் உப்பில்லாத அந்த ஆர்.ஓ. தண்ணீர்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 30 நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கோப்பை வழியே போயிருக்கிறது. ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்.ஓ., கோப்பையில் கொட்டிய அளவுக்கு உப்புநீர் என்று பிரித்து ஊற்றுங்கள். ஸ்கிம்மருக்குள் நீர்மட்டத்தைச் சற்று இறக்கினால் கட்டியான, கரும்பழுப்புக் கழிவு குறைவாக வரும். உப்படர்த்தியை நாளுக்கு 0.001க்கு மேல் ஏற்றாதீர்கள். உப்பைத் தனி வாளியில் முழுதாகக் கரைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

கேள்வி: தீனி போட்டதும் நுரை நின்றுவிடுகிறது. பம்ப் பழுதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்லை. உறைந்த இறாலின் எண்ணெய் நுரையை அமுக்குகிறது. சில மணி நேரத்தில் தானே திரும்பும். ஒரு நாள் கடந்தும் வராவிட்டால் காற்றுக்குழாயில் உப்பு அடைத்திருக்கும். ஸ்கிம்மர் ஓடும்போதே அதன் நுனியை வெந்நீர்க் குவளையில் சில விநாடிகள் அமிழ்த்துங்கள், உப்பு கரைந்துவிடும்.