மொட்டை மாடியில் தணல் அடுப்பு: சைவக் கிரில் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

பதினைந்து வருடங்களாக எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டிச் சமைக்கிறேன். வீட்டில் எல்லாரும் சைவம். கிரில் என்றாலே கோழியும் மீனும்தான் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், சைவத்துக்குக் கிடைப்பது நாலு துண்டு குடைமிளகாயும் வெந்தும் வேகாத உருளைக்கிழங்கும்தான் என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காய்கறியைத் தணலில் சுடுவது நம் வீடுகளில் பழைய பழக்கம். அதனால் இந்தக் கேள்விகள் வந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கேள்வி (திருச்சி): அக்கா, நான் எந்தக் காயை வைத்தாலும் வெளியே கரியாகிவிடுகிறது, உள்ளே பச்சையாகவே இருக்கிறது. எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

நேரத்தைப் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் நெருப்பைப் பாருங்கள். ஜுவாலை எரியும்போதே காயை வைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கரி மூட்டியதும் எழும் தீயில் எதையும் சுடக்கூடாது. தீ அடங்கி, கரித்துண்டுகள் மேலே வெள்ளையாகச் சாம்பல் படர்ந்து, உள்ளே சிவந்திருக்க வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் சமையலுக்கான நெருப்பு. அதற்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். பசியோடு அடுப்பு மூட்டாதீர்கள்.

அடுத்தது, தணலை அடுப்பு முழுக்கப் பரப்பாதீர்கள். முக்கால்வாசியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், மறுபக்கம் காலியாகவோ ஒன்றிரண்டு கங்கோடோ இருக்கட்டும். காயில் கொழுப்பு கிடையாது. இறைச்சி வேகும்போது அதன் கொழுப்பே உருகி மேலே பூசிக்கொள்ளும். காய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால் கடுஞ்சூட்டில் மேல்தோல் முதலில் கருகிவிடும், சூடு உள்ளே போய்ச் சேருவதற்குள் நாம் பயந்துபோய் எடுத்துவிடுவோம். சூடான பக்கத்தில் இரண்டு நிமிடம் நிறம் பிடிக்க விட்டு, சூடு குறைந்த பக்கத்துக்கு நகர்த்தி, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். உள்ளே நிற்கும் ஆவியில் மீதி வேகும்.

சூட்டை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கம்பி வலைக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் கடுஞ்சூடு. ஐந்தாறு வரை தாங்கினால் நடுத்தரம், காய்களுக்கு ஏற்றது. எட்டு பத்து என்று போனால் கிழங்கைப் போட்டு மறந்துவிடலாம்.

உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர், கேரட் மூன்றையும் முக்கால் பதம் வேகவைத்த பிறகே கம்பிக்குக் கொண்டுபோங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (மதுரை): என்ன கரி வாங்கலாம்? மண்ணெண்ணெய் ஊற்றாமல் பற்றவே மாட்டேன் என்கிறது.

இரண்டு வகை எளிதாகக் கிடைக்கும். ஒன்று மரக்கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுப்பது. உங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் கேட்டால் எங்கே வாங்குகிறார் என்று சொல்வார். இன்னொன்று சிரட்டைக் கரி, அதாவது தேங்காய்க் கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுப்பது. புகை குறைவு, சூடு அதிகம். நான் அடியில் மரக்கரியும் மேலே கொஞ்சம் சிரட்டைக் கரியும் போடுவேன்.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். இறைச்சி மசாலாவில் அந்த வாடை கொஞ்சம் மறையலாம், சுரைக்காயிலும் பன்னீரிலும் மறையவே மறையாது. காய்ந்த தேங்காய் நார் ஒரு கைப்பிடி, அதன்மேல் உடைத்த கொட்டாங்குச்சி நாலைந்து, அதைச் சுற்றிக் கூம்பாகக் கரி. கீழே நாரைப் பற்றவைத்து, அடியில் காற்று புகுமாறு பனை விசிறியால் மெதுவாக வீசுங்கள். வீட்டில் பழைய குமுட்டி அடுப்பு இருந்தால் அதிலேயே கரியை மூட்டி, கனிந்த பிறகு இடுக்கியால் கிரில்லுக்கு மாற்றலாம். கரி ஈரமாக இருந்தால் வெடித்துப் பொறி பறக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய மூட்டையை ஒரு நாள் வெயிலில் உலர்த்திவிட்டு எடுங்கள்.

கேள்வி (கோவை): பன்னீர் டிக்காவில் மசாலா முழுக்கக் கம்பி வலையில் ஒட்டிக்கொள்கிறது, பன்னீர் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. கடையில் மட்டும் எப்படி மெத்தென்று வருகிறது?

இரண்டுக்கும் காரணம் தண்ணீர்தான். மசாலாவில் தண்ணீர் அதிகம், பன்னீரில் குறைவு.

தயிரை அப்படியே கலக்காதீர்கள். இரண்டு கப் கெட்டித் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிட்டால் ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். விரலால் எடுத்தால் வெண்ணெய் மாதிரி நிற்க வேண்டும், வழியக் கூடாது. அதில் வாசம் வரும்வரை வறுத்த கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி. தயிரைப் பன்னீரோடு பிடித்து வைப்பது இந்த மாவுதான். இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், ஓமம், கசூரி மேத்தி, உப்பு. வடக்கே கடுகெண்ணெய் சேர்ப்பார்கள், நான் நல்லெண்ணெய்தான் சேர்க்கிறேன். நம் நாக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

பன்னீரைப் பெரிய துண்டாக, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு துணியால் ஒற்றி, மேலே ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு மசாலாவில் புரட்டுங்கள். ஒரு மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க வைப்பதால் பெரிய லாபமில்லை. பன்னீருக்குள் மசாலா அவ்வளவு இறங்காது.

பன்னீர் சூட்டில் உருகாது, ஏனென்றால் அது எலுமிச்சையோ வினிகரோ போன்ற புளிப்பால் திரித்தது. சூடு ஏற ஏற அதன் புரதம் இறுகி, உள்ளிருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். நீங்கள் சொல்லும் ரப்பர் அதுதான். அதனால் கடுஞ்சூட்டில் ஆறேழு நிமிடம், ஒவ்வொரு பக்கமும் ஓரங்கள் கருக்கத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். முன்பு சொன்ன மெதுவான பக்கம் பன்னீருக்குத் தேவையே இல்லை. கம்பி வலைமேல் வைக்காமல் தட்டையான இரும்புக் கம்பியில் கோத்து, இரு முனைகளையும் அடுப்பு விளிம்பில் தாங்கவிட்டால் ஒட்டுவதற்கு எதுவும் இருக்காது. உருண்டைக் கம்பி வேண்டாம், திருப்பினால் கம்பி மட்டும் சுற்றும், பன்னீர் அசையாது.

கேள்வி: அதே மசாலாவில் அன்னாசித் துண்டையும் போட்டு ஊறவைத்தேன். பன்னீர் குழைந்து, கசப்பாகிவிட்டது. பன்னீர் கெட்டுப்போயிருந்ததா?

இல்லை, அது அன்னாசியின் வேலை. பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, பப்பாளிக்காயிலும் உண்டு. தனியாக, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சுட்டு, தட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுட்ட அன்னாசி அவ்வளவு ருசி.

கேள்வி (சென்னை): காளான் சுருங்கித் தண்ணீராக ஓடிவிடுகிறது.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், சுருங்கத்தான் செய்யும். முன்கூட்டி உப்புப் போடாதீர்கள். தண்டை ஒடித்துவிட்டு, குழிந்த பக்கம் மேலே பார்க்க வையுங்கள், ஊறும் சாறு அந்தக் கிண்ணத்திலேயே தேங்கும். அதில் ஒரு சொட்டு நெய், தட்டிய மிளகு, கல் உப்பு. அசைக்காமல் எடுத்து அப்படியே வாயில் போட வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, நாங்கள் கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் போடுறனாங்கள். காஸ் அடுப்பிலை சுட்டால் அம்மம்மா செய்த வாசம் வருகுதில்லை. தோலை உரிக்கவும் கஷ்டமாக் கிடக்கு.

காஸ் தீ தோலை எரிக்கும், உள்ளே புகை ஏற்றாது. வாசம் வேண்டுமென்றால் தணல்தான். பெரிய, கனம் குறைந்த காயாகப் பாருங்கள், கனமான காயில் விதை அதிகம். எண்ணெய் தடவி, முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் கட்டாயம் குத்துங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். கத்தியால் கீறி இரண்டு பல் பூண்டைச் செருகி வைக்கலாம். கால் மணி நேரத்துக்கு மேல், எல்லாப் பக்கமும் கறுத்து, காம்புப் பக்கம் அழுத்தினால் தொய்ந்துபோகும்வரை சுடுங்கள். காம்புப் பக்கம்தான் கடைசியாக வேகும்.

எடுத்ததும் ஒரு சட்டியில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவையுங்கள். தோல் தானாகக் கழன்றுவரும். குழாயடியில் கழுவாதீர்கள், சேர்த்த புகை வாசம் முழுக்கத் தண்ணீரோடு போய்விடும். கையை நனைத்துக்கொண்டு உரித்தால் போதும், அங்கங்கே கருகல் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். சட்டியில் ஊறி நிற்கும் பழுப்புச் சாற்றையும் சம்பலில் சேருங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால், தேசிக்காய் (எலுமிச்சை), இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி (கும்பகோணம்): மாமியாருக்கு எண்பது வயது. "இதெல்லாம் நம்மாத்துச் சமையலா" என்கிறார். அவர் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் அக்கா.

வாழைக்காய்ப் பொடி செய்து கொடுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

மொந்தன் வாழைக்காய் இரண்டு, தோல் சீவாமல், நல்லெண்ணெய் தடவித் தணல்மேல். பச்சைத் தோல் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், ஓரிடத்தில் விரிந்து உள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி வரும். அந்த நேரத்தில் வாசம் மாறும். பச்சைக்காயின் துவர்ப்பு வாசம் போய், கிழங்கு சுட்ட வாசம் மாதிரி வரும். கத்தி தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம், சுமார் இருபது நிமிடம். முழுக்க ஆறட்டும், சூட்டோடு உதிர்த்தால் களியாகிவிடும். ஆறிய பிறகு தோலை நீக்கித் துருவுங்கள்.

வெறும் வாணலியில் துவரம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒன்று, வற்றல் மிளகாய் ஐந்து, பெருங்காயம் எல்லாவற்றையும் சிவக்க வறுத்து, உப்போடு கொரகொரப்பாகப் பொடித்து, கடைசியில் வாழைக்காயைச் சேர்த்து ஒரே சுற்று. கடுகு தாளித்துக் கொட்டி, சுடுசாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். தொட்டுக்கொள்ள அதே தணலில் சுட்ட உளுந்து அப்பளம். அப்பளத்திலிருந்து கண்ணெடுக்கக் கூடாது, ஒரு பக்கம் ஐந்தாறு நொடிதான். அவர் சின்ன வயதில் விறகடுப்புத் தணலில் சுட்டதைச் சாப்பிட்டிருப்பார். மாமியாரையே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பதம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி (பெங்களூரு): அலுவலக நண்பர்களோடு வெளியே போகும்போது ஒரே கிரில்தான். அவர்கள் அசைவம் சுடுவார்கள். நான் என்ன செய்வது?

கூச்சப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள். வலையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, முதல் சுற்று சைவம் என்று வைத்தால் எல்லாருக்கும் சுலபம். முடிந்தால் உங்களுக்கென்று ஒரு சின்ன வலையும் இடுக்கியும் பூச்சுத் தூரிகையும் எடுத்துப்போங்கள், வலையைவிட இடுக்கி வழியாகத்தான் அதிகம் கலக்கும். வாழை இலையில் பொட்டலம் கட்டிச் சுடுவதும் நல்ல வழி. இலையை முதலில் அனலில் வாட்டினால் கிழியாமல் மடங்கும். அலுமினியத் தாள் என்றால் புளி, எலுமிச்சை சேர்ந்த எதையும் அதில் சுற்றாதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

கேள்வி: சுட்ட சோளம்?

நாட்டுச் சோளம் என்றால் மட்டையை உரித்து நேரடியாகத் தணல்மேல், விசிறிக்கொண்டே. மெரினாவில் செய்கிற மாதிரியேதான். ஸ்வீட் கார்ன் என்றால் மட்டையோடு கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துச் சுடுங்கள், சாறு வற்றாது. எலுமிச்சை மூடியை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

கேள்வி (சேலம்): கருகியதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

அந்த எச்சரிக்கையில் பெரும்பங்கு இறைச்சியைப் பற்றியது. தசையில் உள்ள பொருள்கள் கடுஞ்சூட்டில் மாறுவதாலும், கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையாலும் கேடான சேர்மங்கள் உண்டாகின்றன. காயில் முதலாவது அநேகமாக இல்லை, இரண்டாவது நாம் ஊற்றும் எண்ணெயைப் பொறுத்தது. அதனால் எண்ணெயைக் காய்மேல் பூசுங்கள், தணல்மேல் சொட்டவிடாதீர்கள். உருளைக்கிழங்கைப் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். கரிக்கட்டையாகிப்போன பகுதியை வெட்டி எறியுங்கள்.

கேள்வி (டொராண்டோ): குளிர்காலத்தில் வெளியே நிற்க முடியவில்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே கரி மூட்டலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கதவு திறந்திருப்பது போதாது. புகை அடங்கிவிட்ட தணலும் அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன், மழை வந்துவிட்டது என்று தணலோடு அடுப்பைத் தூக்கி மாடிப்படி அறைக்குள் வைக்காதீர்கள். சமையல் நனைந்தால் நனையட்டும்.

கேள்வி (நாகர்கோவில்): எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் தணலை என்ன செய்வீர்கள் அக்கா? தண்ணீர் ஊற்றி அணைத்துவிடலாமா?

தண்ணீர் ஊற்றினால் சாம்பலும் சூட்டு ஆவியும் முகத்தில் அடிக்கும், அடுப்பும் விரிசல் விடும். அப்படியே ஆறவிட்டு, மறுநாள் கிளறிப் பார்த்து, இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். ஆறியதாகத் தெரியும் சாம்பலுக்குள் ஒரு நாள் கழித்தும் கங்கு இருந்ததைப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஆனால் அந்தக் கடைசித் தணலை வீணாக்க எனக்கு மனம் வராது. சாப்பிட உட்காருவதற்கு முன் நாலு சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கழுவித் துடைத்து, தோலோடு சாம்பலுக்குள் புதைத்துவிடுவேன். குறைந்த சூட்டில் மெதுவாக வேகும்போது கிழங்கில் உள்ள மாவு சர்க்கரையாக மாற நேரம் கிடைக்கிறது. குக்கரில் அவித்ததைவிட இது இனிப்பதற்கு அதுதான் காரணம். ஒரு மணி நேரம் கழித்து இடுக்கியால் எடுத்துத் தட்டினால் சாம்பல் உதிரும், தோலில் அங்கங்கே பாகு கசிந்து கறுத்து ஒட்டியிருக்கும். இரண்டாகப் பிட்டு, ஊதி ஊதி, வேறு எதுவும் சேர்க்காமல் சாப்பிடுவோம். மார்கழி தையில் பனங்கிழங்கு கிடைத்தால் அதையும் இப்படியே சுடலாம், உங்கள் பக்கம் நன்றாகவே கிடைக்குமே.