கருவிமுறைப் பகுப்பாய்வை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கும்பகோணத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர், ஒரு பொருளில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று கருவிகளால் கண்டறியும் இந்தப் பாடத்தைப் பற்றி, "எல்லாக் கருவியும் ஒரே மாதிரி தெரிகிறது, எதில் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

ஃபிளேம் போட்டோமீட்டரில் தொடங்குங்கள். கரைசலைச் சுடரில் தெளித்து, வரும் ஒளியை வைத்து சோடியம், பொட்டாசியம் போன்றவற்றின் அளவைச் சொல்லும் கருவி அது. உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகுமே, அதே சங்கதிதான். சூட்டில் கிளர்ந்த சோடியம் அணு பழைய நிலைக்குத் திரும்பும்போது 589 நானோமீட்டரில் ஒளி விடுகிறது, பொட்டாசியம் 766-இல். கருவியிலுள்ள ஒளி வடிகட்டி வேண்டிய நிறத்தை மட்டும் உள்ளே விடும், உணரி அதை மின்சாரமாக்கும். ஒளி எங்கிருந்து வருகிறது, அலைநீளத்தை எது பிரிக்கிறது, எது அளக்கிறது? எந்த நிறமாலைக் கருவியைப் பார்த்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். அணுக்கள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று அளக்கும் அணு உறிஞ்சுதல் முறையில் தனியாக ஒரு விளக்கு சேரும், முக்கிய வித்தியாசம் அதுதான்.

அப்புறம், அளவீட்டு வரைகோடு. செறிவு தெரிந்த சில கரைசல்களை அளந்து, செறிவுக்கு எவ்வளவு ஒளி என்று வரையும் கோடு அது. படிக்கும்போது வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரை நீர்க்காமலே கருவியில் வைத்துவிட்டேன். அளவு கோட்டின் கடைசிப் புள்ளியைத் தாண்டி ஓடியது. செறிவு கூடினால் சுடரின் ஓரத்திலுள்ள குளிர்ந்த அணுக்கள் அந்த ஒளியையே விழுங்கும், கோடு வளைந்துவிடும். 100 மடங்கு நீர்த்த பிறகுதான் நம்பக்கூடிய எண் கிடைத்தது.

சரி, அளக்கவேண்டிய பொருளைச் சேர்க்காத வெற்றுக் கரைசலையும் அளந்து பார்ப்பதை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். விரல் வியர்வையிலும் சோடியம் இருக்கிறது, அது கலந்திருந்தால் இதில்தான் தெரியும்.