மலை ஏறினால் மூச்சு வாங்கும் வெல்டிங் செட்

நீலகிரியில் டீசல் வெல்டிங் செட் (டீசல் இன்ஜினிலேயே மின்சாரம் எடுத்து வெல்டு அடிக்கும் இயந்திரம்) வைத்து வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

ஊட்டியில் இருந்து: அண்ணா, மேட்டுப்பாளையத்தில் நன்றாக ஓடிய செட், இங்கே ஏற்றியதும் 4 எம்எம் ராடு பிடித்தால் திணறுகிறது, கரும்புகை கக்குகிறது. பம்ப்பில் டீசலைக் கூட்டினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். கூட்டலாமா?

கூட்டவே கூட்டாதீர்கள் தம்பி. உங்கள் இன்ஜினுக்குக் குறைவது டீசல் இல்லை, காற்று.

செட்டுக்குள் நடப்பது இதுதான். இன்ஜின் சுழற்றும் தண்டிலேயே ஆல்டர்னேட்டர் பூட்டியிருக்கும். அதில் பிறக்கும் ஏசி மின்சாரத்தை ரெக்டிபையர் டிசி ஆக்கி, ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கு அனுப்பும். ராடு தொடாதபோது 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி, பிடித்ததும் அது 25 வோல்ட் பக்கம் இறங்கி, ஆம்ப்ஸ் ஏறும். 4 எம்எம் ராடுக்கு 160 ஆம்ப்ஸ் என்றால் ஆர்க்கில் மட்டும் சுமார் 4 கிலோவாட். வழியில் வீணாவதையும் சேர்த்து இன்ஜின்தான் இழுக்க வேண்டும். ராடு தொட்ட நொடியில் இந்த லோடு மொத்தமும் இன்ஜின் தலையில் விழும். வேகம் குறையாமலிருக்க கவர்னர் டீசலைக் கூடுதலாகத் திறந்துவிடும்.

கீழே சமவெளியில் அந்த டீசலை எரிக்கக் காற்று போதும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். பம்ப் தள்ளும் டீசலோ அதே அளவு. எரியாமல் மிஞ்சுவதுதான் உங்கள் கரும்புகை. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினுக்கு 300 மீட்டர் ஏற ஏறச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். இந்த நிலையில் டீசலைக் கூட்டினால் புகை கூடும், எக்ஸாஸ்ட் சூடேறும், பிஸ்டனுக்குக் கேடு.

முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் இருக்கிற காற்றும் போச்சு. பிறகு 3.15 எம்எம் ராடுக்கு இறங்கி, 100 முதல் 120 ஆம்ப்ஸில் ஓட்டுங்கள். அதே செட்டின் பிளக்கில் கிரைண்டரை ஓட்டிக்கொண்டே வெல்டு அடிக்காதீர்கள், இரண்டுக்கும் இன்ஜின் ஒன்றுதான். அடுத்த செட் வாங்கும்போது ஒரு அளவு பெரியதாகவோ டர்போ வைத்ததாகவோ பாருங்கள்.

கூடலூரில் இருந்து: செட்டை ரோட்டில் நிறுத்திவிட்டு, கீழே தோட்டத்துக்குள் 50 மீட்டர் கேபிள் இழுத்து வெல்டு அடிக்கிறோம். ஆர்க் நிலைத்து எரிவதில்லை.

போக 50, வர 50, ஆக 100 மீட்டர் கேபிள். 35 சதுர எம்எம் செம்புக் கேபிளில் 150 ஆம்ப்ஸ் ஓடினால் சுமார் 7 வோல்ட் கேபிளிலேயே தீர்ந்துவிடும். ஆர்க்குக்கு வேண்டியதே 26 வோல்ட்தான். வீணாகும் அந்த ஒரு கிலோவாட்டையும் ஏற்கெனவே மூச்சு வாங்கும் இன்ஜின்தான் தர வேண்டும். 70 சதுர எம்எம் போட்டால் நஷ்டம் பாதியாகும். மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்காமல் விரித்துப் போடுங்கள், எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தைத் துரு போகச் சுரண்டுங்கள். சரிவில் செட்டைச் சாய்வாக நிறுத்தினால் இன்ஜின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சும். மட்டமாக வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

குன்னூரில் இருந்து: டீ பேக்டரியில் 7018 ராடு போட்டு அடித்த ஜாயின்ட்டில் ஊசித் துளைகள் வருகின்றன. ஆடி மாதத்து ஈரம் காரணமா?

ஈரம்தான் காரணம். 7018 என்பது ஹைட்ரஜன் குறைவாக இருக்க வேண்டிய ராடு வகை, அதன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆர்க் சூட்டில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். துளை கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பயமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பற்றித்தான். அது வெல்டு ஆறிய பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். ராடை ஓவனில் 300 முதல் 350 டிகிரி வரை ஒரு மணி நேரமாவது சுட்டு, சூடாறாத பெட்டியில் இருந்து எடுத்து அடியுங்கள். சைலன்சர் மேல் வைத்துக் காயவைப்பதெல்லாம் கணக்கில் வராது.

கோத்தகிரியில் இருந்து: மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. அதனால் செட்டை ஷெட்டுக்குள்ளேயே வைத்து, கதவை மூடி ஓட்டுகிறோம்.

இன்றே நிறுத்துங்கள். எக்ஸாஸ்டில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் தூக்கம் வருவதுபோல் வந்து ஆளைக் கொன்றுவிடும். செட்டை வெளியே வையுங்கள், தார்ப்பாயால் மழையை மட்டும் தடுங்கள். ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம், குளிரில் அதன் வலு குறையும். க்ளோ பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) இருந்தால் விளக்கு அணையும்வரை பொறுத்து சாவியைத் திருப்புங்கள். அந்த வகை இன்ஜினில், ஸ்டார்ட் செய்ய அடிக்கும் ஈத்தர் ஸ்பிரேயைப் பயன்படுத்தக் கூடாது, வெடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓடட்டும்.

குன்னூரில் இருந்து இன்னொருவர்: நாள் முழுக்க நாலு லைட்டுக்காக மட்டும் செட்டை ஓட்டலாமா?

வேண்டாம். லோடு இல்லாமல் நெடுநேரம் ஓடினால் இன்ஜின் சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, சைலன்சர் வழியே கறுப்பு எண்ணெய் கசியும். லைட்டுக்குச் சின்ன ஜெனரேட்டர் ஒன்று போதும்.