நாள் கணக்கா, சான்றிதழா? வெளிநாட்டுச் சம்பளமும் வருமான வரியும்: வாசகர் கேள்விகள்

வெளிநாட்டில் வேலை செய்பவர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே குழப்பம்தான். "நான் என்.ஆர்.ஐ. என்பதற்கு எங்கே சான்றிதழ் வாங்குவது?" அப்படியொரு சான்றிதழை யாரும் தருவதில்லை. விசாவோ, என்.ஆர்.இ. கணக்கோ (வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்திய வங்கியில் போட்டு வைக்கும் கணக்கு), வெளிநாட்டு முகவரியோ உங்களை வரிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர், அதாவது குடியிருப்பாளர் அல்லாதவர், ஆக்கிவிடாது. ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதே முதல் கேள்வி. கீழே உள்ள பதில்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. அதாவது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வந்தாலும், 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டம்தான்.

கேள்வி: துபாயில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வருவேன். வரிக் குடியிருப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் துபாய் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி விழும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

இல்லை. ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டுமே வருகிறவர் இந்தியச் சட்டப்படியே குடியிருப்பாளர் அல்லாதவர். அங்கே உழைத்து, அங்கே உள்ள வங்கிக் கணக்கில் வாங்கிய சம்பளம் இந்திய வரிக்குள் வரவே வராது. வரிக்குள் வராத பணத்துக்கு விலக்கு எதற்கு, விலக்குக்குச் சான்றிதழ் எதற்கு?

வரிக் குடியிருப்புச் சான்றிதழ் என்பது, நீங்கள் தங்கள் நாட்டின் வரிக் குடியிருப்பாளர் என்று அந்நாட்டு வரித் துறை தருவது. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமலிருக்க நாடுகள் செய்துகொண்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் சலுகையைக் கேட்கும்போதுதான் அது தேவைப்படும். உதாரணமாக, உங்கள் என்.ஆர்.ஓ. (இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்கு) வைப்பு வட்டியில் வங்கி 30 விழுக்காடு வரியும், அந்த வரித்தொகையின் மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்து 31.2 விழுக்காடு பிடிக்கிறது. அமீரக ஒப்பந்தப்படி அது 12.5 விழுக்காடுதான். அந்தக் குறைந்த விகிதம் வேண்டுமென்றால் அமீரகத்தின் ஃபெடரல் வரி ஆணையம் தரும் சான்றிதழை வாங்கி, வருமான வரி இணையதளத்தில் ஒப்பந்தச் சலுகைக்கான படிவம் 10எஃப் தாக்கல் செய்து, இரண்டையும் வங்கியில் கொடுங்கள். வட்டி சில ஆயிரம்தான் என்றால் இந்த அலைச்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கிவிடலாம்.

கேள்வி: மஸ்கட்டில் வேலை கிடைத்து, 2025 செப்டம்பர் 30 இரவு விமானத்தில் கிளம்பினேன். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டேன் அல்லவா, நான் என்.ஆர்.ஐ.தானே?

"ஆறு மாதம்" என்ற சொல்லாலேயே பலர் கவிழ்கிறார்கள். சட்டத்தில் மாதம் இல்லை, நாள்தான் இருக்கிறது. வேலைக்காக நாட்டைவிட்டுப் புறப்படும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்திருந்தால் குடியிருப்பாளர். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31 என்று கூட்டினால் 153. செப்டம்பரின் 30 நாளும் சேர்ந்து 183. புறப்பட்ட நாளைக் கழிக்க வேண்டும் என்று வாதாடி வென்றாலும் 182தான். அப்போதும் நீங்கள் கோட்டுக்கு உள்ளேதான் நிற்கிறீர்கள். செப்டம்பர் 28 அன்று விமானம் ஏறியிருந்தால் 181 நாளோடு தப்பியிருப்பீர்கள்.

ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை ஓமனில் வாங்கிய சம்பளத்தையும் இந்திய ரிட்டர்னில் காட்ட வேண்டும். அங்கே தனிநபர் வருமான வரி கட்டவில்லை என்பதால் இங்கே கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. மஸ்கட்டில் திறந்த வங்கிக் கணக்கையும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் எழுதுங்கள். பணம் கொஞ்சம்தானே என்று அதை விட்டுவிடுவது, வரியைவிடப் பெரிய வம்பு.

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறேன். ஸ்மார்ட் கேட் வழியாகப் போய்வருவதால் பாஸ்போர்ட்டில் அமீரக முத்திரையே இல்லை. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் எதைக் காட்டுவது?

நல்ல கேள்வி, நோட்டீஸ் வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள். அமீரகத்தின் குடியேற்றத் துறையிடம் வருகை, புறப்பாடு அறிக்கை கேட்டு வாங்கலாம். தேதி வாரியாக எல்லாம் இருக்கும். அதை ஆண்டுதோறும் ஏப்ரலில் எடுத்து வையுங்கள். விசா ரத்தான பிறகு, கைப்பேசி எண் மாறிய பிறகு, அதைத் தேடி அலைவது வேறு கதை.

போர்டிங் பாஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறைய போர்டிங் பாஸ்களை என் மேசையில் கொட்டினார். ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தார், பாவம். பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். வெப்பத்தில் அச்சாகும் காகிதம் அது. மை என்று எதுவும் கிடையாது, நாளடைவில் எழுத்து மறைந்துவிடும். அவருடைய பாஸ்போர்ட்டிலோ ஒரு முத்திரைமேல் இன்னொன்று குத்தி, 13ஆ 18ஆ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் தெரியவில்லை. கடைசியில் பழைய மின்னஞ்சலில் கிடந்த டிக்கெட்டுகள்தான் காப்பாற்றின. போர்டிங் பாஸ் கைக்கு வந்த அன்றே படம் பிடித்துவிடுங்கள். பழைய பாஸ்போர்ட் காலாவதியானாலும் தூக்கி எறியாதீர்கள்.

வந்த நாள், போன நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணுவது என் வழக்கம். வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சொன்ன தீர்ப்பாய முடிவுகள் உண்டு. அவை வழக்கு வந்தபின் உதவும். டிக்கெட் போடும்போது அவற்றை நம்ப வேண்டாம். இன்னொன்று: 184 நாள் வெளியே இருந்தால் போதும் என்ற பேச்சு 365 நாள் ஆண்டுக்குத்தான் சரி. பிப்ரவரி 29 வரும் நிதியாண்டில் 185 வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடிக்காரன், வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் வேலை. சிங்கப்பூர் போவதற்காகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினேன். அடுத்து விசாகப்பட்டினத்தில் நான்கு நாள் சரக்கு ஏற்றினோம். அந்த நாட்கள் இந்தியாவில் இருந்ததாக ஆகுமா? சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் வருகிறது.

ஆகாது. வருமான வரி விதி 126 உங்களுக்காகவே எழுதப்பட்டது. கப்பலில் சேர்ந்ததாக உங்கள் சி.டி.சி. புத்தகத்தில் (கப்பல் ஊழியரின் பணிப் பதிவேடு) பதிந்த தேதி முதல், இறங்கியதாகப் பதிந்த தேதி வரை உள்ள காலம் இந்திய நாட்களிலிருந்து கழிக்கப்படும். கப்பல் இந்தியத் துறைமுகத்தில் தொடங்கி வெளிநாட்டுத் துறைமுகத்துக்கோ, அங்கிருந்து இங்கேயோ வருவதாக இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து மும்பை வரை மட்டும் ஓடும் கரையோரக் கப்பலுக்கு இது பொருந்தாது. சி.டி.சி. தேதியும் பாஸ்போர்ட் முத்திரையும் சில சமயம் ஒத்துப்போகாது. கப்பல் ஏறுவதற்காகத் துறைமுகத்தில் காத்திருந்த நாட்கள் இந்திய நாட்கள்தான்.

சம்பளம் என்.ஆர்.இ. கணக்கில் விழுகிறது என்ற ஒரே காரணத்துக்காக வரி போட முடியாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017இல் 13ஆம் எண் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. கரையில் வேலை செய்பவர்கள் அந்தச் சுற்றறிக்கையைத் தங்களுக்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம். அது கப்பல் ஊழியருக்கு மட்டுமே.

கேள்வி: 2023 ஜூன் மாதம் அபுதாபி சென்றேன். வேலையை விட்டுவிட்டு 2026 ஜனவரி 20 அன்று ஒரேயடியாகத் தஞ்சாவூர் திரும்பிவிட்டேன். நடுவில் அந்த நிதியாண்டில் வரவில்லை. மார்ச் முடிய 71 நாள்தான் ஆகிறது. 182 இல்லையே, கவலை இல்லைதானே?

கவலை இருக்கிறது. இந்த மாதக் கடிதங்களிலேயே என்னை அதிகம் சங்கடப்படுத்தியது உங்களுடையதுதான்.

182 நாள் என்ற சலுகை, வேலைக்குப் புறப்படும் ஆண்டுக்கும், வெளிநாட்டில் இருப்பவர் ஊரைப் பார்க்க வந்துபோகும் ஆண்டுக்கும்தான். மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியவர் "வந்துபோகிறவர்" அல்லர். உங்களுக்குப் பொது விதிதான்: அந்த ஆண்டில் 60 நாள், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்தால் குடியிருப்பாளர். 71 நாள் ஆகிவிட்டது. முந்தைய நான்கு ஆண்டில் 2021-22, 2022-23 முழுவதும் இங்கேதான் இருந்தீர்கள்; 365 எப்போதோ தாண்டிவிட்டது.

பல ஆண்டு வெளியே இருந்தவர் என்றால் "வழக்கமான குடியிருப்பாளர் அல்லாதவர்" என்ற இடைநிலை காப்பாற்றும்; வெளிநாட்டுச் சம்பளத்தைத் தொட மாட்டார்கள். அதற்கு முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. அல்லது முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டவராக இருந்திருக்க வேண்டும். இரண்டும் உங்களுக்கு இல்லை. ஆகவே 2025 ஏப்ரல் முதல் அபுதாபியில் வாங்கிய சம்பளம் முழுதும் இந்திய வரிக்குள் வருகிறது. பிப்ரவரி 1 அன்று வந்து இறங்கியிருந்தால் 59 நாள். பொங்கலுக்கே வர முடியவில்லை, இன்னும் பன்னிரண்டு நாள் பொறுத்திருக்கலாம் என்று இப்போது சொல்வதில் பயனில்லை.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. இங்கேதான் சான்றிதழ் உண்மையாகவே வேலை செய்யும். அமீரக ஒப்பந்தப்படி, ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாள் அங்கே இருந்தவர் அங்குள்ள குடியிருப்பாளர். 2025இல் நீங்கள் அப்படித்தான். இரண்டு நாடும் உரிமை கோரும்போது, நிலையான வீடு எங்கே, குடும்பமும் பொருளாதாரமும் எங்கே என்று ஒப்பந்தம் வரிசையாகக் கேட்கும். மனைவி, பிள்ளைகள் அபுதாபியில் உங்களோடு வாடகை வீட்டில் இருந்தார்கள் என்றால் வாதம் வலுவானது. நீங்கள் அறையைப் பகிர்ந்துகொண்டு தங்க, குடும்பம் தஞ்சாவூரில் சொந்த வீட்டில் இருந்தது என்றால் கடினம். முதல் நிலை என்றால் 2025க்கான சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். வாடகை ஒப்பந்தம், எமிரேட்ஸ் அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். இதை இணையதளத்தில் தானே நிரப்பிப் பார்க்கும் வேலையாக வைத்துக்கொள்ளாமல் நல்ல ஆடிட்டரிடம் போங்கள்.

உங்கள் என்.ஆர்.இ. வைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் வட்டி விலக்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவரா என்பதைப் பொறுத்தது. நிரந்தரமாகத் திரும்பியாயிற்று, வங்கியில் சொல்லி மாற்றுங்கள்.

கேள்வி: சென்னை நிறுவனம் என்னை இரண்டு ஆண்டுக்கு ஜெர்மனி அனுப்பியிருக்கிறது. நாள் கணக்கில் நான் வெளிநாட்டவர். ஆனால் சம்பளத்தின் ஒரு பகுதி சென்னை வங்கிக் கணக்கில் டி.டி.எஸ். பிடித்து வருகிறது. அங்கேயும் வரி கட்டுகிறேன்.

வெளிநாட்டவரானாலும் இந்தியாவில் முதலில் கைக்கு வரும் சம்பளத்துக்கு இங்கே வரி உண்டு. அதைத் தடுப்பது இந்திய-ஜெர்மனி இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு: ஜெர்மனியின் குடியிருப்பாளர் ஜெர்மனியில் செய்த வேலைக்கான சம்பளத்துக்கு அங்கே மட்டும்தான் வரி. இதைக் கேட்க அந்த ஊர் நிதி அலுவலகத்தின் குடியிருப்புச் சான்றிதழும் படிவம் 10எஃப்பும் கட்டாயம். பலர் சறுக்கும் இடம் ஒன்று: அங்கே ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், இங்கே ஏப்ரல் முதல் மார்ச். எனவே 2025க்கு ஒன்று, 2026க்கு ஒன்று என இரண்டு சான்றிதழ் வாங்குங்கள். ரிட்டர்னில் ஐ.டி.ஆர்.-1ஐத் தொடவே வேண்டாம், அது உள்ளூர்வாசிகளுக்கானது.

கேள்வி: குவைத்தில் இருக்கிறேன். இங்கே தனிநபர் வருமான வரி இல்லாததால் இந்தியா என்னைக் குடியிருப்பாளராகவே கருதும் என்கிறார்கள்.

இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மட்டுமே அந்த விதி. தாண்டினாலும் நீங்கள் இடைநிலைக் குடியிருப்பாளர்தான். குவைத் சம்பளத்தைத் தொட மாட்டார்கள். வளைகுடாத் தொழிலாளர்களைக் குறிவைத்த விதி அல்ல இது என்று 2020 பிப்ரவரியிலேயே வாரியம் விளக்கம் தந்தது. ஆனால் ஊரில் வாடகை, வட்டி எல்லாம் சேர்ந்து 15 லட்சத்தைத் தாண்டுகிறவருக்கு, ஊரைப் பார்க்க வந்துபோகும் ஆண்டின் 182 நாள் வரம்பு 120 ஆகக் குறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் ஜப்பானில் நான்கு மாதம். சம்பளம் இந்திய நிறுவனமே தருகிறது. ஜப்பான் தரப்பில் இந்தியக் குடியிருப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

படிவம் 10எஃப்ஏ நிரப்பி உங்கள் மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பித்தால் 10எஃப்பி என்ற சான்றிதழ் தருவார். 183 நாளுக்குள் தங்கினால், முதலாளி ஜப்பான் நிறுவனமாக இல்லாமல், செலவை அங்குள்ள கிளை ஏற்காமலும் இருந்தால், அங்கே வரி இல்லை. மூன்றும் சேர்ந்தே பொருந்த வேண்டும். உங்கள் சம்பளச் செலவு டோக்கியோ கிளையின் கணக்கில் எழுதப்படுகிறதா என்று நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முதலில் கேட்டுவிட்டு, அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.